ஏழாவது வரிசை நெல்லின் மீதான குற்றப்பத்திரிகை

எங்கள் நிறுவனத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. "இந்த வளாகத்தில் உயிரிழப்பு இல்லாத நாட்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழே மூன்று இலக்கங்களைக் கொக்கியில் மாட்ட இடம் விட்டிருக்கும். தினமும் காலை ஏழரை மணிக்குக் காவலாளி ஏணி போட்டு ஏறி, ஓர் இலக்கத்தைக் கழற்றி அடுத்ததை மாட்டுவார். பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு இலக்கம். நூறு நாளுக்கு ஒருமுறை மூன்று இலக்கம். அன்று பாண்டு வாத்தியமும் உண்டு.

எங்கள் இயக்குநர் டாக்டர் எவரிஸ்டோ லுவால்ஹாத்தி, மணிலாவுக்குத் தெற்கே பத்தாங்காஸ் பக்கம் ஒரு சிமெண்டு ஆலைக்குத் தலைமை விருந்தினராகப் போனபோது இப்படி ஒரு பலகையைப் பார்த்து மயங்கினார். ஆலையில் அது தொழிலாளர்களுக்கானது. திரும்பி வந்ததும் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார்.

"நண்பர்களே, சிமெண்டு ஆலையில மனுஷ உயிரை மட்டும்தான் எண்ணுறாங்க. நாம ஆராய்ச்சி நிறுவனம். இங்க நெல்லுக்கும் உயிர் இருக்கு, பூச்சிக்கும் உயிர் இருக்கு. எது செத்தாலும் நம்ம பலகை பூஜ்ஜியத்துக்குப் போகணும். இவ்வளவு உயர்ந்த லட்சியத்தை வேற எந்த நிறுவனமும் யோசிக்கல. ஏன் யோசிக்கலைன்னு நான் யோசிக்கல."

பலமான கைதட்டல். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே, என் வேலை என்ன என்று எனக்கு நானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

என் பெயர் இல்தெஃபோன்சோ. எல்லோருக்கும் போன்சோ. பத்தொன்பது வருடமாகப் பூச்சிக்கூடத்தில் புகையான் வளர்க்கிறேன். புகையான் என்பது அரை நெல்மணி அளவுள்ள பழுப்பு நிறப் பூச்சி. நெற்பயிரின் தூரில், தண்ணீருக்குச் சற்று மேலே, ஊசி போன்ற வாயைச் செருகிக்கொண்டு சாறு உறிஞ்சும். ஒன்றிரண்டு உட்கார்ந்தால் பயிர் கண்டுகொள்ளாது. நூற்றுக்கணக்கில் உட்கார்ந்தால் வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோகும்; யாரோ மேலிருந்து கொதிக்கிற பானையை இறக்கி வைத்து எடுத்தது போல.

இந்தப் பூச்சியைத் தாங்குகிற நெல்லைக் கண்டுபிடிப்பதுதான் நிறுவனத்தின் வேலை. கண்டுபிடிக்கிற முறை அத்தனை அழகானது. ஒரு தட்டில் மண் நிரப்பி, சோதிக்க வேண்டிய நெல் ரகங்களை வரிசைக்கு ஒன்றாக, வரிசைக்கு இருபது நாற்று வீதம் வளர்க்க வேண்டும். நடுவில் ஒரு வரிசை மட்டும், பூச்சி பட்டால் உடனே படுத்துவிடுகிற பழைய நெல். அதைப் பலி வரிசை என்போம். ஏழாம் நாள் பூச்சிக் குஞ்சுகளை நாற்றுக்கு எட்டு வீதம் தட்டிவிட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். பலி வரிசை முழுக்கச் செத்து விழுகிற நாளில்தான் மற்ற வரிசைகளுக்கு மதிப்பெண் போடலாம். ஏனென்றால், பலி வரிசை உயிரோடு நின்றால் பூச்சிக்குப் பசியில்லை என்று அர்த்தம். பசியில்லாத பூச்சியிடம் பிழைத்துக்கொண்ட நெல்லுக்கு யார் பதக்கம் கொடுப்பார்கள்?

மதிப்பெண் பூஜ்ஜியம், ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. பூஜ்ஜியம் என்றால் சேதமே இல்லை. ஒன்பது என்றால் எல்லாம் செத்தது. இரண்டும் நான்கும் ஏன் இல்லை என்று கேட்டவர்கள் பணி ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

ஆக, ஒரு வரிசை செத்தால்தான் சோதனை முடியும். ஒன்றும் சாகாவிட்டால்தான் பலகை ஏறும். இந்தச் சிக்கலை நிறுவனம் எளிதாகத் தீர்த்தது: சோதனைகளை நிறுத்திவிட்டு, சோதனைகளுக்கான ஆயத்தக் கூட்டங்களை நடத்தியது. கூண்டுகளில் வயதாகி உதிர்கிற என் பூச்சிகளைப் "பணி ஓய்வு" என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பலகை இருநூற்று எழுபத்து நான்கைத் தொட்டது. முந்நூறாவது நாளில் மணிலாவிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வந்து கேடயம் கொடுப்பதாக ஏற்பாடு.

அந்த இருநூற்று எழுபத்து நான்காம் நாள் காலையில்தான் அலிங் மின்யா வந்தார். அலிங் என்பது எங்கள் பக்கம் வயதில் மூத்த பெண்ணை மரியாதையாக அழைக்கிற சொல்.

ஏரிக்கரை ஓரத்துச் சான் எலோய் கிராமம். ஐம்பது வயதுக்கு மேல். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பிஸ்கட் டின். டின்னுக்குள் கால் கிலோ நெல்.

"இதைப் பூச்சி தின்னாதுன்னு ஒரு காகிதம் வேணும்" என்றார், கடையில் உப்பு கேட்பது போல.

"எப்படி அலிங் மின்யா தெரியும், தின்னாதுன்னு?"

"ஆறு வருஷம் முன்னாடி என் வயல் மொத்தமும் தீஞ்சு போச்சு. நடுவுல ஏழெட்டுக் குத்து மட்டும் பச்சையா நின்னுச்சு. எல்லாம் போனப்புறம் இதுக்கு மட்டும் என்ன திமிருன்னு அந்தக் கதிரை மட்டும் அறுத்துத் தனியா போட்டேன். அடுத்த வருஷம் அதுலயும் தாங்கினதை மட்டும் எடுத்தேன். அப்படியே ஆறு வருஷம். போன போகத்துல ஊரே கருகிச்சு. என் அரை எக்டேர் மட்டும் பச்சை. பக்கத்து வயக்காரன் நான் சூனியம் வச்சேன்னு சொல்றான்."

எனக்குச் சிலிர்த்தது. எங்கள் நிறுவனத்தில் இதே வேலையைச் செய்ய நாற்பத்தோரு பேர் இருக்கிறோம். எங்களிடம் குளிர்சாதன அறை உண்டு. திமிர் பிடித்த குத்து எது என்று குனிந்து பார்த்தவர் இல்லை.

"காகிதம் எதுக்கு? உங்க வயல்ல நீங்களே போட்டுக்கலாமே."

"எனக்கு எதுக்குக் காகிதம்? ஊருக்கு வேணும்யா. நாப்பது வீட்டுலயும் விதை இல்ல. ஜூன் இருபதாம் தேதி நகராட்சி விதை குடுக்குது. என் வீட்டுல பதினெட்டு மூட்டை கிடக்கு, எடுத்துக்கோங்கன்னேன். விவசாய அதிகாரி ரொதேலியோ இருக்கானே, அவன் சொல்றான், பூச்சியைத் தாங்கும்னு நிறுவனத்து முத்திரையோட காகிதம் கொண்டா, இல்லைன்னா 'பெருமை ஒன்பது'தான் குடுப்பேன்னு. போன தடவை கருகினதே அந்தப் பெருமை ஒன்பதுதான்."

பெருமை ஒன்பது எங்கள் நிறுவனத்து ரகம். டின்னை வாங்கிக்கொண்டேன்.

டின் வரவேற்கப்பட்டது. எங்களிடம் எதுவும் சும்மா உள்ளே வர முடியாது. முதலில் ஜெபம். பிறகு தேசிய கீதம். பிறகு நிறுவன கீதம், நான்கு சரணம். பிறகு வந்திருப்போரின் வருகையை மேடையிலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அங்கீகரித்தல். பிறகு குழுப்படம். பிறகு பான்சித் நூடுல்ஸும் புட்டோ என்ற அரிசிப் பணியாரமும். அலிங் மின்யா இரண்டாவது தட்டு பான்சித்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "விதைப்பு எப்போ?"

விதைத்தாயிற்று. இருநூற்று எழுபத்தாறாம் நாள், தட்டில் ஏழாவது வரிசையாக. எனக்கும் ஆச்சரியம்தான், மூட்டை மூட்டையாகக் காகிதங்களில் கையெழுத்திட்ட களைப்பில் இந்தச் சோதனைக்கான அனுமதியிலும் யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இருநூற்று எண்பத்து மூன்றாம் நாள் பூச்சியை விட்டேன்.

ஐந்தாம் நாள் பலி வரிசையின் கீழ் இலைகள் மஞ்சளாயின. ஆறாம் நாள் உயிரிழப்புத் தடுப்புக் குழு பூச்சிக்கூடத்துக்குள் நுழைந்தது. குழுவின் தலைவி ஸெனாய்டா மேடம். அவருக்கு வெள்ளை மேலங்கி, கழுத்தில் ஒரு விசில்.

"போன்சோ! இந்த வரிசைக்கு என்ன ஆச்சு?"

"சாகுது, மேடம்."

"யார் அனுமதி குடுத்தா?"

"அதுதான் அதோட வேலை, மேடம். அது செத்தாதான் மத்ததுக்கு மார்க் போட முடியும்."

"இன்னும் பதினோரு நாள்ல மணிலாவுலேர்ந்து ஆள் வர்றாங்க. அதுவரைக்கும் அதைச் சாக வேண்டாம்னு சொல்லு."

முதல் சிகிச்சையாக யூரியா கொடுத்தார்கள். சத்துக் குறைவு என்று குழு முடிவு செய்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தழைச்சத்து கூடினால் நெல்லின் சாறு இனிக்கும். புகையானுக்கு அது விருந்து. தட்டு முழுக்க உரம் போட்டதில் பூச்சிகள் கொழுத்துக் குதித்தன. எந்தச் சோதனையிலும் நான் கண்டிராத பசி. அலிங் மின்யாவின் வரிசை மேல் அவை படையெடுத்த வேகத்தை அன்றே நோட்டில் குறித்து வைத்தேன்.

இரண்டாவது சிகிச்சை, பாதிரியார். அவர் தீர்த்தச் செம்போடு தட்டின் முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்.

"நான் யாருக்கு ஆசீர்வாதம் பண்ணணும்? பயிருக்கா, பூச்சிக்கா?"

"ரெண்டுக்கும், ஃபாதர்" என்றார் இயக்குநர்.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுதே."

"அதனாலதான் உங்களைக் கூப்பிட்டோம்."

மூன்றாவது நடவடிக்கை கூண்டு. பூச்சிகள் வரிசை விட்டு வரிசை தாவுவதால் எது எங்கே செத்தது என்று தெரியாமல், காணாமல் போனோர் பட்டியல் நீள்கிறது என்று மேடத்துக்குக் கவலை. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி வலைக்கூண்டு போடச் சொன்னார். ஒவ்வொன்றிலும் நூற்று அறுபது பூச்சி, எண்ணி அடைத்தேன். இதில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். திறந்த தட்டில் பூச்சி பிடிக்காத நெல்லை விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடலாம். கூண்டுக்குள் அந்தச் சலுகை கிடையாது. இதைத் தின்னு, இல்லையென்றால் பட்டினி கிட. இதுதான் ஆராய்ச்சியில் இருப்பதிலேயே கடுமையான பரீட்சை. இதை ஏற்பாடு செய்யக் கேட்டு நான் மூன்று வருடம் முன்னால் மனுக் கொடுத்திருந்தேன். இப்போது உயிர் காக்கும் திட்டத்தின் கீழ் இலவசமாகக் கிடைத்தது.

இத்தனைக்குப் பிறகும் பலி வரிசை செத்தது. அதன் கடமையுணர்வு அப்படி. மேடம் விசில் ஊதினார். காய்ந்த இருபது நாற்றையும் பிடுங்கி, அதே ரகத்தின் பச்சை நாற்று இருபதை நட்டார்கள்.

"பழசெல்லாம் எங்கேன்னு கேட்டா என்ன எழுதட்டும், மேடம்?"

"நீண்ட விடுப்பு."

புது நாற்றும் இரண்டு நாளில் விடுப்பில் போனது. மறுபடி நட்டார்கள். நான்கு முறை நடந்தது. எங்கள் பூச்சிகள் எவ்வளவு கொலைகாரப் பசியில் இருந்தன என்பதற்கு நான்கு தனித்தனிச் சான்றுகள். ஆனால் பலி வரிசை எப்போது பார்த்தாலும் பச்சை. ஆகவே விதிப்படி சோதனை முடியவில்லை. ஆகவே மதிப்பெண் இல்லை. ஆகவே காகிதமும் இல்லை.

அலிங் மின்யா ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். ஜூன் பதினைந்து வரை வந்தார்.

"என் நெல்லு எப்படி இருக்கு?"

"ஒரு இலை கூட மஞ்சளாகல."

"அப்புறம் என்ன? எழுதிக் குடு."

"பக்கத்து வரிசை சாகணும்."

"அது நாலு தடவை செத்துச்சுன்னு நீதானே சொன்னே?"

"சாகல. விடுப்பு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போன்சோ, உனக்கு வீட்டுல சாப்பாடு ஒழுங்கா போடுறாங்களா?" என்றார்.

அன்று மாலையே பெரிய விபரீதம் வெளிப்பட்டது. ஏழாவது வரிசையின் கூண்டுக்குள் பூச்சிகள் செத்துக் கிடந்தன. மேடம் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்து எண்ணினார். நூற்று ஐம்பத்தொன்று. மிச்சம் ஒன்பது மெலிந்து, கூண்டின் வலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தன.

நெல் பூச்சியைச் சமாளிப்பதில் மூன்று விதம் உண்டு. வேண்டாத விருந்தாளியை நினைத்துக்கொள்ளுங்கள். சில வீட்டில் சமையல் வாசனையிலேயே விருந்தாளி வாசலோடு திரும்பிவிடுவார். சில வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார், சாப்பிட்டபின் எழுந்திருக்க மாட்டார். சில வீட்டில் எல்லாவற்றையும் தின்றுதீர்த்தாலும் அந்தக் குடும்பம் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். அலிங் மின்யாவின் நெல் இரண்டாவது வீடு. இப்படியொரு ரகத்துக்காகத்தான் இந்த நிறுவனத்தையே கட்டினார்கள். நான் சந்தோஷத்தில் தட்டைத் தொட்டுக் கும்பிட்டேன்.

"கொலை" என்றார் ஸெனாய்டா மேடம்.

மறுநாளே விசாரணை. பெரிய அரங்கில், நடுவில் ஒரு நாற்காலி, நாற்காலியில் தட்டு. ஏழாவது வரிசைக்கு மட்டும் சிவப்பு நாடா. அலிங் மின்யாவைக் குற்றவாளியின் உறவினர் என்று முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஜெபம் முடிந்தது. கீதம் முடிந்தது. வருகையாளர்களை அங்கீகரிக்கும்போது மேடையிலிருந்தவர், "குற்றம் சாட்டப்பட்டவரின் வருகையையும் அங்கீகரிக்கிறோம்" என்றார். பழக்கத்தில் எல்லோரும் கைதட்டினோம்.

மேடம் குற்றப்பத்திரிகை படித்தார். எண்களை ஒன்றுவிடாமல் படித்தார். படிக்கப் படிக்க எனக்குப் புல்லரித்தது. என் பத்தொன்பது வருட வேலையில் இவ்வளவு துல்லியமான சோதனை அறிக்கையை நான் கேட்டதில்லை.

"சான் எலோய் கிராமத்திலிருந்து வந்த இந்த நெல், கூடுதல் உரமிட்ட நிலையில், தப்ப வழியில்லாத கூண்டுக்குள், நூற்று அறுபது புகையான்கள் எட்டு நாட்கள் தாக்கியும் ஓர் இலையைக் கூட இழக்காமல் ஆணவமாக நின்றது. அத்துடன் அவற்றில் நூற்று ஐம்பத்தொன்றின் மரணத்துக்குக் காரணமாயிற்று. அதே நாட்களில் பக்கத்து வரிசை நான்கு முறை..." மேடம் இருமினார். "...விடுப்பில் போனது."

இயக்குநர் எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"முப்பது வருஷமா நாம இருபத்தி ரெண்டு ரகம் வெளியிட்டிருக்கோம். அதுல ஒண்ணாவது ஒரு பூச்சி மனசை நோகடிச்சிருக்கா? போய்ப் பாருங்க, பெருமை ஒன்பது போட்ட வயல்ல. புகையான் குடும்பம் குடும்பமா, கொள்ளுப் பேரன் வரைக்கும் நிம்மதியா வாழுது. அதுதான் நம்ம பாரம்பரியம். நேத்து வந்த ஒரு பிஸ்கட் டின், எட்டே நாள்ல நம்ம பேரைக் கெடுத்துடுச்சு!"

அலிங் மின்யா எழுந்து கேட்டார்: "ஐயா, இப்ப நீங்க படிச்சதெல்லாம் உண்மையா?"

"நிறுவனத்து மேல சந்தேகமா?" என்றார் மேடம். "ஒவ்வொரு பிணத்தையும் நானே எண்ணினேன். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். முத்திரை வச்சிருக்கோம்."

"முத்திரையுமா?"

"வட்ட முத்திரை. நீல மை."

"அதுல ஒரு பிரதி எனக்குக் கிடைக்குமா?"

"குற்றவாளியோட உறவினருக்கு மூணு பிரதி குடுக்கறது விதி."

அலிங் மின்யா உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்த எனக்கு மட்டும் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறார் என்று நினைத்து மேடம் தண்ணீர் கொடுத்தனுப்பினார்.

இனி ஒரே பிரச்சினை, பலகை. நூற்று ஐம்பத்தொரு உயிரிழப்பு நடந்திருக்கிறது. முந்நூறாவது நாள் நாளை. அரை மணி நேரம் ஆலோசித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். தட்டின் ஏழாவது வரிசை, விதைத்த நாளிலிருந்தே சான் எலோய் கிராமத்தின் எல்லைக்கு உட்பட்டதாகக் கருதப்படும். ஆகவே மரணங்கள் வளாகத்துக்குள் நடக்கவில்லை. குற்றவாளியை உடனே அதன் சொந்த ஊருக்கு நாடுகடத்த வேண்டும். அந்த ஊர் மக்கள் ஏமாந்துவிடாதபடி எச்சரிக்கைப் பதாகை ஒன்று பொது இடத்தில் கட்ட வேண்டும்.

கேடயம் வந்தது. பாண்டு வாசித்தது. அதன் மறுநாள் நிறுவனத்து ஜீப்பில் டிரைவர் பக்கத்தில் அலிங் மின்யா, அவர் மடியில் தட்டு, பின்னால் நான், என் மேல் சுருட்டிய பதாகை.

நகராட்சி முற்றத்தில் ஜூன் இருபதாம் தேதி விநியோகத்துக்காகப் பெருமை ஒன்பது மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விவசாய அதிகாரி ரொதேலியோ வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"அலிங் மின்யா, சொன்னேன்ல? காகிதம் இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது. என் வேலை போயிடும்."

அலிங் மின்யா மூன்று பிரதிகளையும் நீட்டினார். ரொதேலியோ நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"இதுல உங்க நெல்லைக் கண்டபடி திட்டியிருக்காங்களே."

"திட்டை விடு. என்ன செஞ்சுச்சுன்னு போட்டிருக்கான்னு பாரு."

"நூத்தி அறுபது பூச்சி தாக்கியும்... ஒரு இலை கூட... நூத்தி ஐம்பத்தொண்ணு சாவு..." அவர் நிமிர்ந்தார். "அக்கா, போன வருஷம் பெருமை ஒன்பதுக்கு வந்த காகிதத்துல ஒரே ஒரு கையெழுத்துதான். இதுல பதினொண்ணு!"

"முத்திரையைப் பாத்தியா?"

"நீல மை" என்றார் ரொதேலியோ, கோயிலில் பேசுகிற குரலில்.

அதற்குள் நான் என் கடமைப்படி பதாகையை இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிவிட்டேன். எங்கள் வழக்கப்படி முக்கால்வாசி இடத்தில் இயக்குநரின் முகம், வாய் நிறையச் சிரிப்பு. மிச்ச இடத்தில் சிவப்பு எழுத்து: "எச்சரிக்கை! சான் எலோய் அலிங் மின்யாவிடம் உள்ள நெல், புகையான் பூச்சிகளைக் கொல்லும் இயல்புடையது. மேலும் விவரங்களுக்கு அவரை அணுகவும்."

பத்து நிமிடத்தில் முற்றத்தில் வரிசை நின்றது. நாற்பது வீட்டுக்காரர்களும் சாக்கோடு வந்தார்கள். சூனியம் என்று சொன்ன பக்கத்து வயல்காரர் இரண்டு சாக்கோடு வந்தார். ரொதேலியோ பெருமை ஒன்பது மூட்டைகளை மறுபடி லாரியில் ஏற்றச் சொன்னார். தன் வீட்டிலிருந்து வந்திறங்கிய பதினெட்டு மூட்டையையும், வீட்டுக்கு இவ்வளவு என்று அலிங் மின்யாவே முழங்கை வரை கையை நெல்லில் விட்டு அளந்து கொடுத்தார்.

அடுத்த வாரம் அவர் நிறுவனத்துக்கு வந்தார். கையில் டின் இல்லை. வாழையிலையில் கட்டிய சுமான் என்ற ஒட்டரிசிப் பலகாரம் எனக்கு ஆறு, காவலாளிக்கு இரண்டு. நாற்றங்காலில் முளை பச்சைப்பசேல் என்று வந்திருப்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"போன்சோ, அந்த எச்சரிக்கைப் பதாகை இன்னும் ரெண்டு கிடைக்குமா? ஏரிக்கு அந்தப் பக்கம் ரெண்டு ஊருல அடுத்த போகத்துக்குக் கேக்குறாங்க."

"கேட்டுப் பாக்கறேன். மேடம் சந்தோஷமா குடுப்பாங்க."

"குடுத்தா, டைரக்டர் மூஞ்சியை மட்டும் கொஞ்சம் கோவமா போடச் சொல்லு" என்றார் அலிங் மின்யா. "அவர் சிரிக்கறதைப் பாத்துட்டு, இதுவும் பெருமை ஒன்பது மாதிரிதானோன்னு நாலு பேர் திரும்பிப் போகப் பாத்தாங்க."